மாற்றிப் பார்ப்பதும் பார்த்து மாற்றுவதும்

பத்திரிகைத் துறையில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பணியாற்றிய ஒருவன், மோட்டார் காரின் உதிரிப்பாகம் ஒன்றைப் பற்றி எழுத முற்படுவது வாசகர்களில் சிலருக்கு வியப்பைத் தரலாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அதற்கு மேல் காரைப் பற்றிய ஞானம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏற்பட்ட தேய்மானம் ஒரு குடும்பத்தின் தாலிக்கொடியை அடைவு கடை வாசல் வரை கொண்டு சென்றதையும், எழுபது வயதை அண்மித்த ஒரு மனிதர் அதை அங்கிருந்து திருப்பி அனுப்பியதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு இது ஒரு சிறிய விடயமாகத் தோன்றக்கூடும். பழுதான காரைக் கராச்சில் விட்டுவிட்டு, அவர்கள் தரும் பட்டியலைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புவது அங்கு வழமை. திருத்தும் செலவு அதிகமென்றால் வேறொரு காரை வாங்கிக்கொள்ளலாம். இலங்கையில் நிலைமை அப்படியல்ல. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக 2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நாட்டிலிருந்த பழைய கார்கள்தான் ஓடின. இருபது, இருபத்தைந்து வருடங்கள் பழைமையான ஒரு ஜப்பானியக் காரின் விலை, அது புதிதாக வந்திறங்கிய காலத்து விலையைப் பல மடங்கு தாண்டிச் சென்றதை நாம் கண்டோம். காரை விற்றவர் மீண்டும் ஒரு காரை வாங்கமுடியாது என்ற நிலையில், கையிலிருப்பதை எப்படியாவது ஓடவைப்பதே எல்லோருடைய கவலையாகவும் இருந்தது.

கொழும்பிலிருந்து வடமராட்சிக்குச் செல்லும் வேளைகளில் நான் வழமையாக அழைக்கும் வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் நெல்லியடிப் பக்கத்தில் இருக்கிறார். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவருடைய உழைப்பை நம்பியிருப்பவர்கள். அவரிடமிருந்தது 1990களின் இறுதியில் ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, பாவித்த நிலையில் இங்கு கொண்டுவரப்பட்ட ஒரு கார். எந்த நிறுவனத்தினுடைய கார் என்பது இங்கு முக்கியமல்ல. இருபத்தைந்து வருடம் இடைவிடாது உராயும் எந்தவொரு பொருளும், யார் செய்திருந்தாலும் தேயத்தான் செய்யும்.

அவருக்குப் பல ஹயர்கள் வந்து போகும். நிரந்தரமானது ஒன்றுதான். சிறுநீரகம் செயலிழந்த ஒரு முதிய தாயாரை வாரத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்புக்காக அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவது. அந்த அம்மாவின் பிள்ளைகள் கனடாவில் இருந்தார்கள். மாத முடிவில் தவறாமல் பணம் வந்துவிடும். 2022 ஆம் ஆண்டில் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோதுகூட அந்தப் பயணத்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. இரவிரவாக வரிசையில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்து, விடியற்காலையில் அந்த வீட்டு வாசலில் நிற்பார் என்று அயலவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நோயின் குணங்குறிகள்

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய முகத்தில் வழமையான கலகலப்பு இருக்கவில்லை. காரில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் காரணம் எனக்கே விளங்கிவிட்டது. கார் நின்ற நிலையில் எஞ்சின் சீராக இயங்கியது. புறப்பட்டதும் சீராகத்தான் போனது. ஆனால், வேகத்தை மெல்லக் கூட்டும்போது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துவிட்டுத் திடீரென்று கைவிட்டதுபோல ஒரு உலுக்கல். மறுபடியும் சீரான ஓட்டம். மறுபடியும் உலுக்கல். தானியங்கிக் கியர் பூட்டிய கார் அது. கியரும் மேலே போவதா கீழே இறங்குவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தது.

வல்லை வெளியில் அது எங்களைச் சோதித்தது. அந்த இடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரிக்கும் நீரேரியை ஊடறுத்துச் செல்லும், இருமருங்கிலும் வீடுவாசல் இல்லாத வெட்டவெளிப் பாதை அது. முன்னால் சென்ற உழவு இயந்திரம் ஒன்றை முந்துவதற்காகச் சாரதி வெளியே எடுத்தார். எதிரில் வெகுதூரத்தில் ஒரு பஸ். தாராளமாக முந்தக்கூடிய இடைவெளி. சரியாக உழவு இயந்திரத்துக்குச் சமாந்தரமாக வந்தபோது கார் திக்கியது. அவர் அக்சிலரேற்றரை அடிமட்டம் வரை மிதித்தார். அடுத்த கணம் கார் பாய்ந்து சென்றது. பஸ் எங்களைக் கடந்தபோது எழுப்பிய ஹோர்ன் சத்தம் நெடுநேரம் என் காதில் இருந்தது.

“பாத்தியளோ ஐயா, முழுக்க மிதிச்சா ஓடுது. மெல்ல மிதிச்சாத்தான் உந்தக் கரைச்சல்” என்றார் அவர். அதை அவர் ஒரு முறைப்பாடாகத்தான் சொன்னார். நோயைக் கண்டறிவதற்கான திறவுகோல் அந்த வசனத்தில்தான் இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

அதற்கு முன்னர் அவர் மூன்று கராச்களுக்குச் சென்று வந்திருந்தார். முதலாமவர் பிளக்குகளையும் பிளக் வயர்களையும் மாற்றினார். இரண்டாமவர் பெற்றோல் பம்பியையும் பில்ற்றரையும் மாற்றினார். இரண்டு தடவையும் ஒருநாள் சுகம் கிடைத்ததுபோல இருந்து மறுநாள் பழையபடி தொடங்கியது. மூன்றாமவரிடம் காரின் கணினியோடு இணைத்துக் குற்றக் குறியீடுகளை வாசிக்கும் கருவி இருந்தது. அவர் அதைப் பூட்டிப் பார்த்தார். குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எனவே, கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய கணினிப் பெட்டியே பழுது, அதை மாற்றவேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் கியர்பெட்டியைக் கழற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகை அந்தச் சாரதியின் பல மாத வருமானம்.

“அடுத்த கிழமை மனுசியின்ர கொடியை அடைவு வைக்கப் போறன் ஐயா” என்று சொன்னபோது அவர் வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யுத்தகாலத்தில் எத்தனையோ இடம்பெயர்வுகளிலும் விற்காமலும் அடைவு வைக்காமலும் காப்பாற்றி வந்த கொடி அது என்பதைப் பின்னர் அவருடைய மனைவி மூலம் அறிந்தேன்.

பழைய மெக்கானிக்

எனக்கு உறவினர் ஒருவர் மூலம் பழக்கமான ஒரு மெக்கானிக் அச்சுவேலிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டிலும்தான் அவருடைய கராச். அன்றே அங்கு போகலாம் என்று சாரதியிடம் சொன்னேன். அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. என் சொல்லைத் தட்டமுடியாமல் வந்தார்.

அந்தப் பெரியவர் செய்த முதற் காரியம் என்னைக் கவர்ந்தது. அவர் கார் மூடியைத் திறக்கவில்லை. ஒரு வாங்கில் எங்களை இருத்தி, சாரதியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்னரா? மழை நாளிலா, வெயிலிலா? எந்த வேகத்தில்? ஏசி போட்டிருக்கும்போது கூடுகிறதா? முழுக்க மிதித்தால் என்ன நடக்கிறது? ஒரு நல்ல நிருபர் சம்பவ இடத்தில் கேட்பது போன்ற கேள்விகள். கேட்டுவிட்டு, “நீர் ஓட்டும் தம்பி, நான் பக்கத்தில இருக்கிறன்” என்று காரில் ஏறினார். நான் பின் இருக்கையில் அமர்ந்தேன்.

கார் உலுக்கிய ஒவ்வொரு தடவையும் அவர் வேகமானியைப் பார்க்கவில்லை. சாரதியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நிறுத்தியதும் சொன்னார்: “வேகம் எதுவா இருந்தாலும் கால் ஒரே இடத்தில நிக்கேக்கதான் உது வருது. பிளக்கும் பெற்றோலும் மிதியின்ர இடத்தைப் பாத்து வேலை செய்யிறேல்லை.”

பின்னர் எனக்காகவே ஒவ்வொன்றாக விளக்கினார். பெற்றோல் பம்பி பலவீனமாக இருந்தால், எஞ்சின் அதிகமாக எரிபொருள் கேட்கும் வேளையில், அதாவது முழுக்க மிதிக்கும்போதுதான் அது கைவிடவேண்டும். இங்கே முழுக்க மிதித்தால் கார் பாய்கிறது. பிளக்கோ கொயிலோ பலவீனமென்றாலும் சுமை கூடும்போதுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காற்று எங்காவது கசிந்து உள்ளே போகிறதென்றால், நின்ற நிலையில் எஞ்சின் ஆடவேண்டும். அதுவும் இல்லை. எஞ்சியிருப்பது, மிதியின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் ஆள். அந்த ஆள்தான் திரொட்டில் பொசிஷன் சென்சர்.

வானொலிப் பெட்டியின் திருகு

இந்த உணரி என்ன செய்கிறது என்பதை அவர் விளக்கிய விதத்தை அப்படியே தருகிறேன். எங்களுடைய வயதினருக்கு அது உடனே விளங்கும்.

பழைய வானொலிப் பெட்டிகளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்ததல்லவா? அதனுள்ளே அரைவட்ட வடிவில் ஒரு கரிப்பூச்சுத் தடமும், அதன்மேல் நகரும் ஒரு சிறு உலோகக் கையும் இருக்கும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்துக் கேட்ட பெட்டிகளில், அந்த இடத்தைத் திருகு கடக்கும்போது மட்டும் “கர்... கர்...” என்று இரைந்து ஒலி அறுந்து திரும்பும். தடத்தின் அந்தப் பகுதி தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

எஞ்சினுக்குள் செல்லும் காற்றைத் திறந்து மூடும் சிறு கதவின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும் இந்த உணரியும் அதேபோன்ற ஒரு திருகுதான். கணினி அதற்கு 5 வோல்ற் மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. ஒரு வயர் அந்த 5 வோல்ற், ஒரு வயர் புவித்தொடுப்பு, நடுவில் உள்ளது தகவல் வயர். காற்றுக் கதவு மூடியிருக்கும்போது தகவல் வயரில் ஏறத்தாழ அரை வோல்ற் இருக்கும். முழுவதும் திறந்தால் நாலு, நாலரை வோல்ற் வரை உயரும். இடைப்பட்ட நிலைகளில் படிப்படியாக ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் சாரதி எவ்வளவு மிதிக்கிறார், எவ்வளவு விரைவாக மிதிக்கிறார் என்பதைக் கணினி அறிந்துகொள்கிறது. இந்தக் காரைப் போல மின்னணு முறையில் இயங்கும் தானியங்கிக் கியர்பெட்டியும் அதே தகவலைத்தான் நம்பியிருக்கிறது. கியர் தடுமாறியதன் காரணமும் அதுதான்.

நகரத்திலும் கிராமத்து வீதிகளிலும் ஓடும் கார், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மிதி சற்றே அழுத்தப்பட்ட நிலையில்தான் கழிக்கிறது. எனவே தடத்தின் ஆரம்பப் பகுதிதான் முதலில் தேய்கிறது. அந்தத் தேய்ந்த இடத்தைக் கை கடக்கும்போது தகவல் ஒரு கணம் அறுந்து, வோல்ற்றளவு கீழே விழுகிறது. சாரதி திடீரென்று காலை எடுத்துவிட்டார் என்று எண்ணிக் கணினி பெற்றோலைக் குறைக்கிறது. அடுத்த கணமே வோல்ற்றளவு திரும்பவும் உயர்கிறது. சாரதி திடீரென்று மிதித்துவிட்டார் என்று எண்ணி அதிக பெற்றோலைக் கொடுக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது உலுக்கலாகத் தெரிகிறது. முழுக்க மிதிக்கும்போது கை அந்த இடத்தைத் தாண்டி, தேயாத பகுதிக்குச் சென்றுவிடுவதால் கார் பாய்கிறது.

அப்படியானால் கணினி ஏன் குற்றக் குறியீட்டைப் பதிவு செய்யவில்லை? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தகவல் வயரின் வோல்ற்றளவு எல்லைக்கு வெளியே சென்று, சிறிது நேரமாவது அங்கேயே நின்றால்தான் கணினி அதைக் குற்றமாகக் கருதும். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து எழுந்தால் அது கணக்கில் எடுக்காது. குறியீடு இல்லை என்பது பழுது இல்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல. அதேபோல, இந்த உணரிக்குரிய குறியீடு பதிவாகியிருந்தாலும் உணரிதான் பழுது என்று முடிவுகட்டவும் கூடாது. 5 வோல்ற் வயர் அறுந்தால் தகவல் கீழே விழுந்து கிடக்கும். புவித்தொடுப்பு வயர் அறுந்தால் மேலே ஏறி நிற்கும். இரண்டிலும் குறியீடு இந்த உணரியின் பெயரைத்தான் சொல்லும். உணரியோ குற்றமற்றதாக இருக்கும்.

ஊசி சொன்ன சாட்சியம்

ஊகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. சந்தேகம் வந்தவுடன் உணரியை மாற்றச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரும் முதல் மூவரைப் போன்றவரே. கொட்டிலுக்குள் சென்று, ஊசி ஆடும் பழைய மீற்றர் ஒன்றை எடுத்துவந்தார்.

முதலில் இணைப்பியைக் கழற்றி, கடற்காற்றினால் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். சுத்தமாக இருந்தது. திரும்பப் பூட்டி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். 5 வோல்ற் சரியாக வருகிறதா என்று அளந்தார். வந்தது. புவித்தொடுப்பைப் பார்த்தார். அதுவும் சரி. ஒரு மெல்லிய குண்டூசியை வயரைத் துளைக்காமல் இணைப்பியின் பின்புறத்தால் செருகி, மீற்றரின் முனையைத் தகவல் வயரோடு தொடுத்தார். பிறகு காற்றுக் கதவின் நெம்பைக் கையாலேயே, நத்தை வேகத்தில் திறந்தார்.

ஊசி அரை வோல்ற்றிலிருந்து மெல்ல எழுந்தது. ஒரு வோல்ற்றை நெருங்கும்போது பாம்பு தலையைத் தாழ்த்துவது போலச் சடாரென்று கீழே விழுந்து மீண்டும் எழுந்தது. அதன் பின்னர் கடைசிவரை ஒழுங்காக ஏறியது. கதவை மூடிக்கொண்டு வரும்போதும் அதே இடத்தில் ஊசி விழுந்தது. மூன்று தடவை செய்து காட்டினார். மூன்று தடவையும் அதே இடம். அந்த இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு திருப்புளியின் பிடியால் உணரியை மெல்லத் தட்டினார். ஊசி நடுங்கியது.

“டிஜிட்டல் மீற்றரில இது தெரியாமப் போகும். அது செக்கனுக்கு இரண்டு மூன்று தரம்தான் இலக்கத்தை மாத்தும். இடையில விழுந்து எழும்புறதை விட்டிடும்” என்றார். எல்லா உணரிகளுக்கும் ஊசி மீற்றர் பொருந்தாது என்றும், ஒட்சிசன் உணரி போன்றவற்றை அதனால் தொடக்கூடாது என்றும் எச்சரிக்கையும் செய்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை இருபது நிமிடங்கள். சாரதி ஒன்றும் பேசாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முற்றத்துக்குப் போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன பேசினார் என்பது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது சேர்ட் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பொறுமை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் ஆரம்பித்ததன் பின்னர் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் காண்பதற்கு அரிதான பொருளாயிற்று. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்குகளில் கரி படியும். வீதியெங்கும் புகை. நோயாளிகளும் பிரசவத்துக்குப் போகும் பெண்களும் அந்தக் கார்களில்தான் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். அக்காலத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் கார்களை ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

“அப்ப மாத்திப் போட்டுப் பாப்பம் எண்டு சொல்ல எங்களிட்டைச் சாமான் இருக்கேல்லை. ஒரு கொயில் பழுது எண்டு சொன்னா, இன்னொரு கொயிலுக்கு எங்க போறது? அதால உண்மையாவே பழுதோ எண்டு நூறு தரம் யோசிச்சுத்தான் சொல்லுவம். பிழையாச் சொன்னா அந்தக் கார் நிண்டிடும்” என்றார் அவர்.

நான் அதை நீண்டநேரம் யோசித்தேன். பொருள் இல்லாத காலத்தில் பார்த்த பின்னரே மாற்றினார்கள். பாதைகள் திறந்து, பஞ்சிகாவத்தையிலிருந்து உதிரிப்பாகங்கள் லொறிகளில் வரத்தொடங்கியதும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பொருட்களின் விலை குறைவாக இருந்தவரையில் அதனால் பெரிய நட்டம் ஏற்படவில்லை. 2022 ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்து உதிரிப்பாகங்களின் விலைகள் ஏறியபோது, ஒவ்வொரு “மாற்றிப் பார்ப்போம்” என்ற சொல்லுக்கும் வாகனச் சொந்தக்காரர்தான் விலை கொடுத்தார்.

முதல் மூன்று கராச்களையும் நான் குறை சொல்ல வரவில்லை. யோசிப்பதற்குக் கூலி கேட்டால் நம்மவர்கள் கொடுக்கமாட்டார்கள். ஒரு சாமானை மாற்றி அதற்குக் கூலி கேட்டால் கொடுப்பார்கள். இருபது நிமிடம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பட்டியல் எழுதினால் எத்தனை பேர் சண்டைக்கு வராமல் இருப்பார்கள்? அந்த நிலைமையில் ஒரு மெக்கானிக் எந்தப் பக்கம் சாய்வார் என்பது வெளிப்படை.

வாங்கியதும் பூட்டியதும்

புதிய உணரி யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. உடைத்து விற்கப்படும் கார்களிலிருந்து கழற்றிய பழைய உணரிகள் சில ஒரு கடையில் இருப்பதாக அறிந்து சாரதி புறப்பட்டார். “மீற்றரையும் கொண்டு போம் தம்பி. அங்கேயே ஊசியை வைச்சுப் பாத்திட்டுக் காசைக் குடும்” என்று மெக்கானிக் சொல்லி, மின்கலங்கள் மூலம் 5 வோல்ற்றுக்கு அண்மையாகக் கொடுத்துச் சோதிக்கும் முறையையும் காட்டிக்கொடுத்தார். கடையில் பார்த்த மூன்றில் இரண்டு உணரிகளில் ஊசி விழுந்தது. மூன்றாவதை வாங்கிக்கொண்டு வந்தார். சோதிக்காமல் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

பூட்டுவது இரண்டு திருகாணி வேலை. ஆனால் அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தத் திருகாணித் துளைகள் நீள்வட்டமானவை. உணரியைச் சற்று இப்படியும் அப்படியும் திருப்பமுடியும். காற்றுக் கதவு மூடிய நிலையில் வோல்ற்றளவு அந்தக் காருக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் வரும்வரை மீற்றரைப் பார்த்தபடியே திருப்பி, பிறகுதான் இறுக்கவேண்டும். அதைச் செய்யாமல் பூட்டினால், நல்ல உணரியும் பிழையான தகவலைத்தான் கொடுக்கும். பற்றறியின் இணைப்பைச் சிறிது நேரம் கழற்றிவைத்து, கணினி பழைய மனப்பதிவுகளை மறந்து புதிதாகப் பழகவும் அவர் இடமளித்தார்.

மாலையில் அதே வல்லை வெளியால் திரும்பினோம். சாரதி வேண்டுமென்றே மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டு வந்தார். உலுக்கல் இல்லை. மறுநாள் அந்த அம்மாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நாள்.

எனது தொழிலின் கண்ணால்

முழுக்கப் பொய் சொல்லும் சாட்சியை இனங்காண்பது கடினமல்ல என்பது பத்திரிகைக் காரியாலயங்களில் நான் கற்ற பாடம். யுத்தகாலத்தில் ஒரு தரப்பு ஒரு எண்ணிக்கையையும் மறு தரப்பு வேறொரு எண்ணிக்கையையும் சொன்னபோது இரண்டையுமே ஐயத்தோடு பார்க்கும் பயிற்சி எங்களுக்கு இருந்தது. எப்போதும் உண்மை சொல்லி, ஒரேயொரு இடத்தில் மட்டும் பிறழும் சாட்சிதான் ஆபத்தானவர். அவரை நாம் நம்பிப் பழகியிருப்போம். அந்த உணரி அப்படிப்பட்ட சாட்சி. அதன் தடத்தில் மிகப் பெரும்பகுதி ஒழுங்காக இருந்தது. அந்தச் சிறு இடத்தை மெதுவாகக் கடந்து பார்த்தவருக்கு மட்டுமே அது அகப்பட்டது.

இன்றைய கார்களில் மிதிக்கும் காற்றுக் கதவுக்கும் இடையில் கம்பி கிடையாது. மின்மோட்டார் ஒன்றுதான் கதவைத் திறக்கிறது. எனவே அவற்றில் ஒரே கதவுக்கு இரண்டு உணரிகளை வைத்து, இரண்டினதும் தகவல்களைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் எஞ்சினின் வலுவைக் குறைத்து, மெல்ல ஊர்ந்து வீடு போய்ச்சேர மட்டும் அனுமதிக்கிறது. தடத்தில் உராயாமல் காந்தப்புலத்தைக் கொண்டு அறியும் உணரிகளும் வந்துவிட்டன. இரண்டு தனித்தனி மூலங்கள் உறுதிப்படுத்தாத செய்தியை அச்சேற்றக்கூடாது என்று எனது முதல் செய்தி ஆசிரியர் எங்களுக்கு விதித்திருந்த விதியைக் கார் உற்பத்தியாளர்களும் பின்பற்றத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

என்னை வருத்துவது வேறொன்று. அந்த மெக்கானிக்கிடம் வேலை பழகிய இரண்டு இளைஞர்களும் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியோடு நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் கட்டாரில், மற்றவர் பிரான்சில். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால், அவருடைய கொட்டிலில் இப்போது அவரும் அந்த ஊசி மீற்றரும் மட்டுமே இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளில் கருவிகளைப் பற்றிக் கற்பிக்கிறார்கள். தடைக்காலத்தில் இவர் போன்றவர்கள் கற்றுக்கொண்ட, கேள்வி கேட்டு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வரும் முறையை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. வெளிநாடுகளில் வாகனத் தொழில்நுட்பம் பயின்ற நம்மவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, இப்படிப்பட்ட ஒருவருடன் ஒரு வாரம் இருந்து ஒளிப்பதிவு செய்தால் அது பெரிய தொண்டாக இருக்கும்.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு, அவருடைய அனுமதியோடு, அவர் சொன்னவற்றையே சொல்லி முடிக்கிறேன். கராச்சுக்குப் போகுமுன், பழுது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். மாற்றவேண்டும் என்று சொல்லப்படும் எந்தப் பொருளுக்கும், என்ன சோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்குங்கள். சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அந்தச் சாரதி அன்று கொடுத்த கூலி, மாற்றத் தேவையில்லாத பெற்றோல் பம்பிக்கு அவர் முன்னர் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.